தூத்து வைத்த கரை

எங்கள் பழைய ஆய்வகத்தை இப்போது பார்த்துக்கொள்ளும் ஜெனிஷா போன மாதம் போன் செய்தாள். "லீலாக்கா, ஒங்க தூக்குவாளிய அலமாரியில இருந்து வெளிய எடுத்திருக்கோம். கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறோம். அதப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கக்கா, காலேஜ் மலருல போடணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வெயிலிலும் உப்புக் காற்றிலும் கிடந்து உழைத்த காலத்தில் அதற்கு ஒரு நல்ல உறை வாங்கக் கல்லூரியில் யாருக்கும் மனம் வரவில்லை. இப்போது கண்ணாடிப் பெட்டியாம். இருக்கும்போது கஞ்சி ஊற்றாதவர்கள் செத்த பிறகு பதினாறு வகைக் கறி வைப்பதுபோல.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. அவள் எதிர்பார்த்த கட்டுரையும் இது இல்லை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் கிடையாது. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். கொஞ்ச காலம் புதுக்கடையில் டி.வி. ரிப்பேர் கடை ஒன்றில் சால்ட்ரிங் வைத்தேன். "பொம்பளப் பிள்ளைக்கு இது என்ன சோலி" என்று கடைக்கு வந்தவர்களெல்லாம் கேட்டார்கள், டி.வி. ஓடியதும் வாயை மூடிக்கொண்டு காசு கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் தாணு சார். நாகர்கோவில்காரர், பேராசிரியர், சாப்பாட்டுப் பையில் எப்போதும் ஒரு ஏத்தன்பழம் இருக்கும். அவருடைய தனிக்குணம் ஒன்று உண்டு. யாரையும் "தப்பு" என்று சொல்லமாட்டார். நான் ஒயரை மாற்றிக் கொடுத்து சர்க்யூட் பலகை புகைந்தால்கூட, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "இன்னொரு தடவ கேட்டுப் பாப்போம் லீலா" என்பார். மெஷினிடம் கேட்பது என்று அர்த்தம். மெஷின் பொய் சொல்லாது, நாம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் என்பது அவர் கட்சி. கேள்வி சரியாக இருந்தால் போதும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

அவருக்கு ஓர் ஆசை. லேசர் ஸ்கேனர் என்று ஒரு கருவி இருக்கிறது. அது ஒளியை வீசும். ஒளி எதன்மேலாவது பட்டுத் திரும்பி வரும். போய்வர ஆன நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கண்டுபிடிக்கும். இப்படி நாலாபக்கமும் வீசி லட்சக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்தால், கணினிக்குள் மரம் மரமாகவும் சுவர் சுவராகவும் எழுந்து நிற்கும். உள்ளே புகுந்து சுற்றிப் பார்க்கலாம். ஆனால் வெளிநாட்டு ஸ்கேனர் ஒன்று வாங்கும் காசுக்கு நாகர்கோவிலில் மாடிவீடே கட்டிவிடலாம். "ஒரு பழைய ஸ்கூட்டர் வெலைக்கு நாம செய்யணும் லீலா. நம்ம குளத்தையும் கரையையும் அளக்க எவன் மாடிவீட்ட வித்துத் தருவான்?" என்பார்.

அப்படித்தான் எங்கள் மெஷின் பிறந்தது. தொழிற்சாலைக் கதவுகளுக்குப் பொருத்துகிற ஒரு சின்ன லேசர் கிடைத்தது. அது ஒரே ஒரு கோட்டில்தான் பார்க்கும். அதைத் தலையாட்ட வைத்தால் மேலும் கீழும் பார்க்கும். தலையாட்ட, கெட்டுப்போன பிரிண்டரிலிருந்து மோட்டாரையும் பெல்ட்டையும் கழற்றினேன். ஒரேயடியாகச் சுழலவிட்டால் ஒயர் முறுக்கிக்கொண்டு அறுந்தது; அதனால் பாதி சுற்றிவிட்டுத் திரும்பி வரும்படி செய்தோம். கடலோரத்துக்குத் தாங்கும் கூடு வேண்டியிருந்தது. புதுக்கடைச் சந்திப்பில் ஒரு பாத்திரக்கடைக்கு சாரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொரு எவர்சில்வர் தூக்குவாளியாக எடுத்து விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சாருக்குக் கறி வைக்கவா, பாட்டுப் படிக்கவா?" என்றார்.

"தலைக்குப் போடத்தான்" என்றார் சார், சிரிக்காமல்.

அந்தத் தூக்குவாளியைக் கவிழ்த்து, ஒளி போக வாய் வெட்டி, மெஷினுக்கு மாட்டினோம். அதற்குப் பிறகு யாரும் அதை ஸ்கேனர் என்று கூப்பிடவில்லை; தூக்குவாளிதான்.

வெளியே கொண்டு போனால் சார் முதலில் செய்வது ஒன்றுதான்: நேரான சுவர் ஒன்றைத் தேடி அதை ஸ்கேன் செய்வது. பள்ளிக்கூடமோ கோயிலோ எதுவானாலும் சரி. படத்தில் சுவர் நேராக நின்றால் வேலை தொடங்கும். கொஞ்சம் வில்லாக வளைந்திருந்தாலும் மெஷினை மூட்டைகட்டி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எத்தனை தூரம் வந்திருந்தாலும் அதில் இளக்கம் கிடையாது. வெயில் நேரே விழுந்தால் லேசருக்குக் கண் கூசும்; அதற்குக் குடை பிடிப்பது என் வேலை. உப்பு படிந்த கண்ணாடியைப் பழைய பருத்தித் துணியால் ஒரே திசையில் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது.

மண்டைக்காட்டுக் கடற்கரையில் முதல் தடவை வைத்தபோது படம் முழுக்க ஓட்டை ஓட்டையாக வந்தது. பார்த்தால் காரணம் நம் மணல்தான். மணவாளக்குறிச்சிப் பக்கம் ஆலையில் பிரிக்கிற அதே கருமணல். ஒளியை விழுங்கிவிட்டுத் திருப்பித் தரவில்லை. சார் முக்காலியின் காலை உயர்த்தி, மெஷினை மணலுக்கு நேரே குனிய வைத்து, "இன்னொரு தடவ கேப்போம்" என்றார். ஓட்டையெல்லாம் அடைபட்டுவிட்டது. அன்றைக்கு அவர் தன் ஏத்தன்பழத்தில் பாதியை எனக்குத் தந்தார். பெரிய விருது அது.

கருமணலைவிடப் பெரிய தொல்லை மனிதர்கள். தூக்குவாளி மெதுவாகத்தான் பார்க்கும். அது பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் குறுக்கே நடந்தால், படத்தில் அவர் மனிதராக வரமாட்டார். வேலி முளைத்ததுபோல் கோடு கோடாக வருவார். அதையெல்லாம் பிறகு உட்கார்ந்து நான்தான் கணினியில் அழிக்க வேண்டும். அதனால் எங்கே போனாலும் முதலிலேயே சொல்லி வைப்போம்: கொஞ்ச நேரம் குறுக்கே வராதீர்கள்.

இப்போது அந்தக் கரைக்கு வருகிறேன். ஊர் பெயரை எழுதவில்லை.

ஒவ்வோர் ஆனி ஆடியிலும் கடல் அந்த ஊருக்குள் ஏறும். முன்வரிசையில் சில வீடுகள் போய்விட்டன. அடுத்த வரிசையின் அடுக்களைச் சுவர்களை அலை நக்கிக்கொண்டிருந்தது. கல் போட்டுச் சுவர் எழுப்ப உத்தரவாகியிருந்தது. எங்கே எவ்வளவு போடுவது என்று தீர்மானிக்கக் கரையை அளக்க வேண்டும். பொறுப்பான அலுவலகத்தில் அதற்கு வசதி இல்லை. தாணு சார் போய், காசு வேண்டாம், நாங்கள் அளந்து தருகிறோம் என்றார். நம் ஊர்க் கடல், நம் கையால் செய்த மெஷின் என்று அவருக்கு ஒரு வீம்பு.

அந்த ஊரில் முன்பே எனக்குப் பழக்கமானவள் ஸ்டெல்லா. மீன் விற்பவள். அவள் கணவர் சூசை கரமடி வலைக்காரர்களில் ஒருவர். கரமடி என்பது கரையிலிருந்தே இழுக்கும் வலை. ஒரு நுனியைக் கரையில் பிடித்துக்கொண்டு, வள்ளத்தில் மறு நுனியைக் கடலுக்குள் கொண்டுபோய் வளைத்து வருவார்கள். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். அதற்கு நீளமான மணல் வேண்டும். அடியில் பாறை இருக்கக்கூடாது. ஊருக்கு நடுவில், வீடுகளுக்கு நேர் எதிரே அப்படி ஒரு மணல் இருந்தது. வலை வந்ததும் ஸ்டெல்லா வாசலிலிருந்து இறங்கி மீனை அகன்ற சருவத்தில் வாங்கிக்கொண்டு போவாள். அவ்வளவு பக்கம். அந்த ஊரில் என்னை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். காலேஜில் வேலை பார்க்கிற பெண் வேறு என்னவாக இருக்க முடியும்?

சார் பங்குத்தந்தைக்கு வழக்கம்போலச் சொல்லி அனுப்பினார். அவரும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அறிவித்தார். அடுத்த நாள் காலையில் நாங்கள் போய் இறங்கினோம்.

கரையைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். ஒரு வலை இல்லை, ஒரு கயிறு இல்லை, கருவாட்டுப் பாய் இல்லை, ஒரு மீன் செதில்கூட இல்லை. மணலைத் தென்னை ஈர்க்கு விளக்குமாறால் வரி வரியாகத் தூத்திருந்தார்கள். தூத்தல் என்றால் எங்களூரில் பெருக்குவது. வள்ளங்களையெல்லாம் தோள்போட்டுத் தூக்கிக்கொண்டு போய், மேற்குக் கோடியில் பாறைக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கி, வலைக் குவியலைத் தார்ப்பாயால் மூடி வைத்திருந்தார்கள். வருஷத்தில் ஒருநாள், ஊர்ப் பெருநாளுக்கு சப்பரம் வரும்போது மட்டும் அப்படிச் செய்வார்கள்.

"என்ன ஸ்டெல்லா, பெருநாளா?" என்றேன்.

"பெருநாளுதான் டீச்சர். மெஷினு வருது, குறுக்க ஒண்ணும் கெடக்கப்படாதுண்ணு அச்சன் பூசையில பறஞ்சாரு. எங்களுக்க கரைய ஆப்பீசருமாரெல்லாம் பாக்கப் போறாவ இல்லியா? சிக்கும் செதறுமா கெடந்தா ஊருக்கு நாணக்கேடு."

நாங்கள் ஆட்களைத்தான் குறுக்கே வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். அது வாய்க்கு வாய் மாறி இப்படி வந்து சேர்ந்திருந்தது. சாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "இப்பிடி ஒரு கரைய நான் பாத்ததே இல்லம்மா" என்று ஸ்டெல்லாவைப் பார்த்துக் கும்பிட்டார். கோயில் பக்கச்சுவரை ஸ்கேன் செய்தோம். கோடு போட்டதுபோல் நேராக நின்றது. ஊரே வீட்டு வாசல்களில் அசையாமல் நின்று பார்த்தது. தூக்குவாளி தலையாட்டியது. குறுக்கே ஒரு நாய்கூட வரவில்லை.

நாங்கள் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அழிப்பதற்கு எனக்கு வேலையே இருக்கவில்லை. மேற்குக் கோடியில் அடுக்கியிருந்த வள்ளங்கள் பலகை பலகையாகத் தெரிந்தன. அலுவலகத்தில் அதைப் பார்த்த இளம் பொறியாளர் நல்ல மனிதர். மற்ற ஊர்களில் வழியே விடாமல் கல் அடுக்கி மீனவர்கள் பட்ட பாட்டை அறிந்தவர். படத்தில் வள்ளங்கள் நின்ற இடத்தில் பென்சிலை வைத்து, இங்கே வழி விட்டுவிடலாம் என்றாராம். சார் அன்று சாயங்காலம் ஆய்வகத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். "நம்ம படத்த வச்சு வள்ளத்துக்கு வழி விட்டிருக்காங்க லீலா! நம்ம மெஷின் அவங்க வள்ளத்தையும் கணக்குல சேத்திருக்கு பாத்தியா" என்றார்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு வினாடிகூட வேறு எதுவும் தோன்றவில்லை.

கல் லாரிகள் வந்தன. ஊர் நடுவிலிருந்த மணலை மூடிக் கல் விழத் தொடங்கியதும் சூசையும் மற்றவர்களும் அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போட்டார்கள். சர்வே செய்துதான் வழி விட்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. பாறை கிடக்கிற இடத்தில் வழி விட்டவனுக்குக் கண் தெரியுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். சூசை சாருக்குப் போன் செய்தார்: "சார், நீங்க படிச்சவிய, நீங்க ஒருக்கா பறஞ்சு பாருங்க. மேற்க வள்ளம் எறக்கினா அடி பொளந்து போவும்."

நானும் சாரும் போனோம். அந்தப் பொறியாளர் எங்கள் படத்தையே மேசையில் விரித்தார். அவர் குரலில் கோபம் இல்லை. "சார், வள்ளம் எல்லாம் இங்கதானே நிக்குது. ஊர் நடுவுல ஒரு கயிறுகூட இல்ல. உங்க படத்தப் பாத்துத்தானே நான் வழி விட்டேன்" என்றார்.

அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. அலைக்கு அடியிலிருக்கிற பாறை லேசருக்குத் தெரியாது. அந்த வள்ளங்கள் ஒருநாள் விருந்தாளிகளாக அங்கே நின்றவை என்பதும் படத்துக்குத் தெரியாது. ஊர் தன் மானத்தைக் காக்கத் தூத்து வைத்த கரையைப் பார்த்து, அங்கே எவரும் பிழைக்கவில்லை என்று படம் சொல்லிவிட்டது.

சார் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பொறியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு, "நீங்க எழுதிக் குடுங்க, நான் வேலைய நிறுத்துறேன். ஆனா மறுபடி அளந்து, மறுபடி உத்தரவு வாங்கி வரதுக்குள்ள ஆனி ஆடி போயிரும். இந்த வருஷம் கல் விழாது. வீடு போனா நான் பொறுப்பில்ல" என்றார்.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டவேயில்லை. "வீடுங்க இருக்கு லீலா" என்றார். நான் ஆமாம் என்றேன். எழுதிக் கொடுக்காமல் எழுந்து வந்தோம்.

இன்றைக்கும் என் நெஞ்சில் கிடந்து உறுத்துவது அந்த எழுந்து வந்ததுதான். படம் தவறியது யார் குற்றமும் இல்லை; அன்பு செய்த கோளாறு அது. ஆனால் வீடா கரையா என்பது அந்த ஊர் முடிவு செய்ய வேண்டிய காரியம். சுவர் வளைந்திருந்தால் இன்னொரு தடவை கேட்பவர், மணல் ஓட்டையாக வந்தால் இன்னொரு தடவை கேட்பவர், அன்றைக்கு மேற்கே ஒரு பஸ் ஏறிப்போய் ஊரிடம் கேட்கவில்லை. நானும் கேட்போம் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

அந்த ஆடியில் கடல் வெறிகொண்டு வந்தது. கல் தாங்கியது. ஒரு வீடும் விழவில்லை. ஊரில் எங்களைக் கூப்பிட்டு மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் போட்டார்கள். கண் தெரியாத ஆபீசரைத் திட்டினார்கள்; எங்களை வாயார வாழ்த்தினார்கள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது சார் என்னிடம் சொல்லியிருந்தார். இலையில் ஸ்டெல்லா இன்னொரு துண்டு மீனை வைத்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்ல மாட்டார் என்று தெரிந்துவிட்டது. உங்கள் கையால் நீங்களே செய்தது என்று சாப்பிட்ட இலை முன்னால் இருந்துகொண்டு எப்படிச் சொல்வது?

அதன் பிறகு கரமடி நின்றது. பக்கத்து ஊர்க் கரையில் கொஞ்ச நாள் வலை போட்டார்கள். அங்கே சண்டை வந்தது. வலையை விற்றார்கள். சூசை கேரளத்துத் துறைமுகத்தில் யாருடைய போட்டிலோ கூலிக்குப் போய்விட்டார், பெருநாளுக்கு வருவார். ஸ்டெல்லா மொத்த வியாபாரியிடம் மீன் எடுத்து, பஸ் ஏறிப் புதுக்கடைச் சந்தைக்கு வருகிறாள். நான் இருப்பதும் புதுக்கடைதான். அவளிடம்தான் மீன் வாங்குவேன். விலை பேசமாட்டேன். அவளும் ஒவ்வொரு தடவையும் எடைக்கு மேலே இரண்டு மீனைப் பையில் போட்டு, "டீச்சருக்கு" என்பாள். அந்த இரண்டு மீனை ஒருநாளும் என்னால் ருசித்துச் சாப்பிட முடிந்ததில்லை.

தாணு சார் போன வருஷம் காலமானார். கடைசியாக நான் பார்க்கப் போனபோது, மெஷினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இப்ப எங்கயாவது கரமடி இழுக்கிறாங்களா லீலா?" என்று மட்டும் கேட்டார்.

ஜெனிஷாவிடம் போனில் பேசியபோது அவள் இன்னொன்றும் சொன்னாள். புது ஸ்கேனர் செய்திருக்கிறார்களாம், உள்ளங்கை அகலம்தான். அதை வைத்து, ஸ்டெல்லாவின் ஊரை அடுத்த கரையை இந்த மாதம் அளக்கப் போகிறார்களாம். அங்கேயும் சுவர் வருகிறது. குறுக்கே ஆள் நடந்தாலும் புது மெஷின் தானாகவே அழித்துவிடும் என்று பெருமையாகச் சொன்னாள். "அழிக்கிறதுக்கு முன்னால அது யாருண்ணு பாரு மக்கா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று மனம் அல்லாடிக்கொண்டிருந்தபோதுதான் முந்தாநாள் மீன் வாங்கப் போனேன். ஸ்டெல்லா சாளையை நிறுத்துப் போட்டாள். வழக்கம்போல மேலே இரண்டைப் போட்டாள்.

"டீச்சர், ஒங்களுக்க மெஷினு அடுத்த ஊருக்கு வருதாமே? அங்க எனக்க தங்கச்சி மேரி இருக்கா. நான் செல்லிக் குடுத்திருக்கேன். வள்ளம், வல எல்லாம் மாத்திட்டுக் கரைய நல்லா தூத்து வையுங்க, மானமா இருக்கணும், எங்களுக்க ஊரு மாதிரிண்ணு. நாளைக்கு எடுத்து மாத்தத் தொடங்குவாவ."

"வேண்டாம் ஸ்டெல்லா. எடுக்கண்டாம்ணு சொல்லு" என்றேன்.

"ஏன் டீச்சர்?"

சொன்னேன். பாறைக்குப் பக்கத்தில் அடுக்கிய வள்ளம், பொறியாளர் வைத்த பென்சில், நாங்கள் எழுதிக் கொடுக்காமல் எழுந்து வந்தது, நடக்கிற ஆளைப் புது மெஷின் அழித்துவிடுவது, எல்லாவற்றையும் மீன்சந்தை இரைச்சலுக்குள் நின்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சருவத்தில் கிடந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி விலை கேட்டு வந்தாள். பதில் கிடைக்காமல் அடுத்த ஆளிடம் போனாள்.

"அண்ணைக்கே ஒரு வாக்கு கேட்டிருக்கலாம் இல்லியா டீச்சர்?" என்றாள் ஸ்டெல்லா கடைசியில். "வீடு போனா கடன ஒடன வாங்கி வேற வீடு கெட்டுவோம். கரைய எங்க போயி கெட்ட?"

அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்து அழுத்தினாள்.

"ஏட்டி மேரி, ஒண்ணையும் எடுக்காத. நான் செல்லுகதக் கேளு. வள்ளம் அங்ஙனயே கெடக்கட்டு. வல, கருவாடு, குப்ப எல்லாம் கெடந்த எடத்துல கெடக்கட்டு. மெஷினு வரும்போ நீங்க எல்லாரும் போயி நடுக்கரையில நில்லுங்க. அசையாம நில்லுங்கட்டி."

போனை வைத்தாள். என் பைக்குள் கையை விட்டு, எடைக்கு மேலே போட்ட அந்த இரண்டு சாளையை எடுத்துத் தன் சருவத்தில் போட்டுக்கொண்டாள். நான் மீதியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.